குப்புறக் கிடந்த ஆறு தகடுகள்

டாக்டர்,

இன்று காலை கண் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். டாக்குரியாவிலிருந்து பெஹாலா போய்ச் சேர்வதற்குள் பாதி உயிர் போய்விட்டது. மெட்ரோவுக்காகத் தோண்டிப் போட்டதில் இந்தக் கல்கத்தாவில் எந்த பஸ் எந்தப் பக்கம் திரும்பும் என்று ஓட்டுகிறவனுக்கே தெரிவதில்லை. அங்கே ஒரு கருவியின் முன்னால் உட்கார வைத்து, மோவாயைத் தாங்கியில் வைக்கச் சொல்லி, உள்ளே தெரியும் சிலுவைக் கோட்டைப் பார்க்கச் சொன்னார்கள். "மாஷிமா, ஒரு கண்ணை மூடிக்கொள்ளுங்கள்" என்று அங்கிருந்த பெண், என்னைச் சித்தி முறை வைத்து, வங்காளியில் மூன்று தரம் சொன்னாள். மூன்று தரமும் இரண்டு கண்ணையும் திறந்தே வைத்திருந்தேன். கடைசியில் அவளே உள்ளங்கையால் என் இடக்கண்ணைப் பொத்தினாள்.

அவளுக்கு எப்படித் தெரியும்? "இரண்டும் திறந்திருக்கட்டும். மூடின கண்தான் முதலில் களைத்துப்போகும்" என்று நீங்கள் சொன்னது இந்த உடம்பில் ஏறிவிட்டது. சிலுவைக் கோட்டைக் கண்டால் இமை இறங்க மாட்டேன் என்கிறது.

உங்கள் தங்கையின் கடிதம் வந்து ஒரு வாரமாகிறது. வசந்தத்தில் போய்விட்டீர்களாம். அதிகம் கஷ்டப்படவில்லை என்று எழுதியிருக்கிறார். எல்லோருடைய தங்கைகளும் அப்படித்தான் எழுதுவார்கள். உங்கள் கல்கத்தா நாட்களைப் பற்றித் தனக்கு அதிகம் தெரியாது, தெரிந்ததை எழுதி அனுப்புங்கள் என்று கேட்டிருக்கிறார். அவருக்கு எழுதுவதற்கு முன்னால் உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். பதினான்கு வருஷமாகச் சொல்லாமல் விட்டது. ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்பார்கள் எங்களில். இது ஊசியே போன கஞ்சி. இருந்தாலும் சொல்கிறேன்.

நீங்கள் முதன்முதலாக எங்கள் ஆராய்ச்சி நிலையத்துக்குள் வந்தபோது உங்களைவிட நீங்கள் கொண்டுவந்த இரண்டு மரப்பெட்டிகளைத்தான் எல்லோரும் பார்த்தோம். பியூன்கள் ஒருவரையும் நீங்கள் அவற்றைத் தொட விடவில்லை. நாற்பத்து நாலு வயசுக்காரி, ஜெர்மன்காரி, ஒரு பெட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு மாடி ஏறினீர்கள். உள்ளே உங்கள் ஊர் வானாய்வுக்கூடத்தில் ராத்திரி ராத்திரியாகப் படமெடுத்த கண்ணாடித் தகடுகள் இருந்தன. நட்சத்திரத்தின் படம் இருக்கும் என்று ஆசையாக எட்டிப் பார்த்தேன். சாம்பல் நிறத்தில் குறுக்குக் கோடுகள்தான் இருந்தன. "இவ்வளவுதானா?" என்று கேட்டுவிட்டேன். "இவ்வளவேதான்" என்று சிரித்தீர்கள்.

எனக்கு அப்போது முப்பத்தைந்து. கல்யாணத்துக்கு முன்னால் மதராஸில் கணக்கு படித்தவள் என்பதால், அளவெடுக்கும் கருவியில் உட்காரும் தற்காலிக வேலை கிடைத்திருந்தது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிப்பார்கள், புதுப்பிக்காமலும் விடுவார்கள். நிலையத்தில் எல்லோருக்கும் நான் பௌதி, அண்ணி முறை. ஆண்கள் என்னிடம் டீ வந்ததா என்று கேட்பார்கள். நீங்கள் மட்டும் முதல் நாளே 'ஃப்ராவ் கொலேகின்' என்று கூப்பிட்டீர்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டேன். "கூட வேலை செய்கிறவள். வேறென்ன?" என்றீர்கள். அன்று வீட்டுக்குப் போய் அதை எங்கள் வீட்டுக்காரரிடம் இரண்டு தரம் சொன்னேன். வங்கி அதிகாரி அவர். திருநெல்வேலி நக்கல் போகாத மனுஷர். "பேரு பெருசாத்தான் இருக்கு. சம்பளத்தக் கூட்டுவாளாமா?" என்றார்.

நட்சத்திரத்துக்கும் காந்தம் உண்டு என்பதே எனக்கு உங்களிடமிருந்துதான் தெரியும். காந்தம் உள்ள நட்சத்திரத்திலிருந்து வரும் வெளிச்சத்தில் ஒவ்வொரு கோடும் இரண்டாகப் பிளந்திருக்கும். அந்த இரண்டையும் பிரித்து, மேலே ஒரு பட்டை, கீழே ஒரு பட்டையாகத் தகட்டில் பிடித்திருப்பீர்கள். மேல் கோட்டுக்கும் கீழ்க் கோட்டுக்கும் நடுவே ஒரு தலைமயிரில் பாதிகூட வராத விலகல். அதை நான் கருவிக்குள் தெரியும் சிலுவைக் கோட்டை அதன்மேல் பொருத்தி, திருகைச் சுற்றிச் சுற்றி அளந்து நோட்டில் எழுத வேண்டும். விலகல் எவ்வளவு என்பது காந்தத்தின் பலம். எந்தப் பக்கம் விலகியிருக்கிறது என்பது நம்மைப் பார்த்து நிற்பது வட துருவமா, தென் துருவமா என்பது. ஒரு தகட்டுக்கு நாற்பது கோடு. முடித்ததும் தகட்டை அரைவட்டம் சுற்றி வைத்து எல்லாவற்றையும் மறுபடி அளக்க வேண்டும். மனுஷக் கண் ஒரு பக்கமாகவே சாயும், இரண்டு பக்கமும் சாயவிட்டால் சரியாகிவிடும் என்பீர்கள்.

"இது தெரிஞ்சு யாருக்கு என்ன பிரயோஜனம், டாக்டர்?" என்று ஒரு நாள் கேட்டேன். கை வலியில் கேட்டது. நீங்கள் கோபித்துக்கொள்ளவில்லை. "ஒருவருக்கும் இல்லை. ஆனால் தெரிந்துவிட்டால் அப்புறம் தெரியாமல் போகாது" என்றீர்கள். பதினெட்டு வருஷம் அந்த ஒரு நட்சத்திரத்தையே பார்த்திருந்தீர்கள். உங்கள் பேராசிரியர் உங்கள் அளவுகளைத் தன் பெயரில் போட்டுக்கொண்டார். நிரந்தர வேலை வரும் வரும் என்று ஒவ்வொரு தரமும் ஓர் ஆண்பிள்ளைக்குப் போனது. நம் நிலையத்தில் தூசி படிந்து கிடந்த கருவிக்கு ஆள் தேவை என்று கேள்விப்பட்டு மூன்று வருஷத்துக்கு இங்கே வந்தீர்கள். இதையெல்லாம் ஒரே மூச்சில், தட்டில் தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டே சொன்னீர்கள். பிசைய வரவில்லை உங்களுக்கு. கடைசிவரை வரவில்லை.

அந்த வருஷத்து ஜூன் மாதத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு மூச்சு முட்டுகிறது. தினமும் நாலு மணிநேரம் லோட்ஷெடிங். கருவியின் விளக்குக்கு பேட்டரி வாங்கி வைத்திருந்தீர்கள், மின்விசிறிக்கு வழியில்லை. ஒரு மத்தியானம் என் நெற்றியிலிருந்து ஒரு சொட்டு வேர்வை நேராகத் தகட்டில் விழுந்தது. படம் இருக்கும் பக்கம் வெறும் ஜெலட்டின் பூச்சுதானே, பட்டதும் ஊறி அந்த இடம் அம்மைத் தழும்பு மாதிரி ஆகிவிட்டது. நீங்கள் எழுந்து வந்து பார்த்தீர்கள். தகட்டைச் சாய்த்து, வடிதாளின் முனையால் ஒற்றி, ஜன்னல் பக்கம் கொண்டு போய் நின்றீர்கள். திட்டியிருந்தால் தேவலை. உங்கள் முதுகைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது பெரிய தண்டனையாக இருந்தது.

அடுத்த வாரம் உங்களுக்கு மஞ்சள்காமாலை வந்து ஆஸ்பத்திரியில் சேர்ந்தீர்கள். பெட்டியில் அடுத்த ஆறு தகடுகள் இருந்தன, ஆறும் அடுத்தடுத்த ராத்திரிகளில் எடுத்தவை. இன்னொரு சொட்டு விழுந்துவிடக் கூடாது என்ற பயத்தில் எனக்கு ஒரு யோசனை வந்தது. தகட்டைக் குப்புறப் போட்டேன். பூச்சு கீழே, கண்ணாடி மேலே. வேர்வை விழுந்தாலும் கண்ணாடியில்தான் விழும், துடைத்துவிடலாம். கோடுகள் இடமிருந்து வலமாக அதே வரிசையில் இருக்கிறதா என்று பார்த்தேன், இருந்தது. பிறகென்ன? ஆறையும் இரண்டு தரம் அளந்தேன். என் சாமர்த்தியத்தை மெச்சிக்கொண்டேன்.

நீங்கள் திரும்பி வந்தபோது எலும்பும் தோலுமாக இருந்தீர்கள். நாற்காலியில் உட்கார்ந்து என் நோட்டைப் பார்த்து வரைபடத் தாளில் புள்ளி வைத்துக்கொண்டே வந்தீர்கள். முந்தைய தகடுகள் எல்லாம் பூஜ்யக் கோட்டுக்கு மேலே. இந்த ஆறும் கோட்டுக்குக் கீழே. பென்சிலைக் கீழே வைத்தீர்கள்.

"திரும்பிவிட்டது" என்றீர்கள்.

அந்த ஜாதி நட்சத்திரத்தில் காந்தம் பக்கம் மாறியதை அதுவரை ஒருவரும் பார்த்ததில்லை என்று விளக்கினீர்கள். நட்சத்திரம் சுற்றச் சுற்ற முதலில் ஒரு துருவத்தையும் பிறகு மற்றதையும் நமக்குக் காட்டுகிறது என்றீர்கள். "நிச்சயமாக அளந்தாயா?" என்று ஒரே ஒரு தரம் கேட்டீர்கள். "ரெண்டு பக்கமும் அளந்தேன், டாக்டர்" என்றேன். அது பொய்யில்லை. நீங்கள் மறுபடி அளந்து பார்த்திருக்கலாம். மற்ற நாளாக இருந்தால் பார்த்திருப்பீர்கள். உடம்பில் தெம்பில்லை, மனசில் ஆசை இருந்தது. நீங்களும் மனுஷிதானே. அன்று சாயங்காலம் நிலையம் முழுவதற்கும் சந்தேஷ் வாங்கிக் கொடுத்தீர்கள், உங்களுக்கு இனிப்பு ஆகாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தும்.

கட்டுரை எழுதி ஆராய்ச்சிப் பத்திரிகைக்கு அனுப்பினீர்கள். சேதி உங்கள் ஊருக்கும் போனது. இந்தக் கட்டுரை வெளிவந்தால் நிரந்தர இடம் உங்களுக்குத்தான் என்று வானாய்வுக்கூடத்திலிருந்து கடிதம் வந்தது. அதே வாரம் வேறொரு கடிதமும் வந்தது. ஒரு சின்ன ஊரில், ஆசிரியைகளைப் பயிற்றுவிக்கும் கல்லூரியில் இயற்பியல் பாடம் சொல்லித்தரும் வேலை. அதுவும் நிரந்தரம். மாதக் கடைசிக்குள் பதில் வேண்டும் என்றிருந்தார்கள். இரண்டு உறையையும் மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தீர்கள்.

நோட்டைப் படியெடுக்கும்போதுதான் நான் கண்டேன். சொல்லாததையும் எழுதி வைக்கிற ஜாதி நான். ஒவ்வொரு தகட்டுக்கும் ஓரத்தில் ஃபோகஸ் குமிழ் எந்த எண்ணில் நின்றது என்று குறித்திருந்தேன். அந்த ஆறுக்கு மட்டும் எண் வேறாக இருந்தது. கண்ணாடியின் கனத்தைத் தாண்டிப் பார்த்ததால் வந்த வித்தியாசம், குப்புறப் போட்டோமே என்று நினைத்துக்கொண்டேன். சும்மா ஒரு தகட்டைக் கையில் எடுத்து, அன்று வைத்த மாதிரியே திருப்பினேன், தோசையைத் திருப்புவது போல. மேல் பட்டை கீழே போனது. கீழ்ப் பட்டை மேலே வந்தது.

நட்சத்திரம் திரும்பவே இல்லை. நான்தான் திருப்பினேன்.

இதைக் கண்டது ஒரு திங்கட்கிழமை, டாக்டர். நீங்கள் அடுத்த அறையில் தட்டச்சு அடித்துக்கொண்டிருந்தீர்கள். எழுந்து வந்து சொல்ல இருபது அடி. நான் தகட்டை உறையில் போட்டு, பெட்டியை மூடி, வீட்டுக்குப் போய்விட்டேன்.

ராத்திரி சாப்பாட்டின்போது வீட்டுக்காரரிடம் சொன்னேன். கை கழுவாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஏட்டி, அந்த நட்சத்திரம் வடக்க பாத்தா என்ன, தெக்க பாத்தா என்ன? யாரு போயிப் பாக்கப் போறா?"

"கட்டுரை தப்பாப் போவுமே."

"போனாப் போவுது. அந்தம்மாவுக்கு வேலை கெடைக்கும். நீ சொன்னா அவளுக்கும் போச்சு, ஒனக்கும் போச்சு. வாய வச்சிக்கிட்டு சும்மா இரி."

கெட்ட மனுஷர் இல்லை அவர். என் வேலை போய்விடும் என்றுதான் பயந்தார். எனக்கு அந்தப் பயம் ரொம்ப இல்லை. உங்கள் ஜன்னல் பக்கத்து முதுகு திரும்பவும் கண்ணில் வந்தது. அதற்குத்தான் பயந்தேன். நாளைக்குச் சொல்லலாம் என்று செவ்வாய் போனது. புதன் உங்களுக்கு லேசாக ஜுரம். வியாழன் டைரக்டர் வந்து பேசிக்கொண்டிருந்தார். தள்ளிப்போடுகிறவளுக்கு நாளெல்லாம் ராகுகாலம்தான்.

எட்டாம் நாள், நிலையத்து வாசலில் நின்று டீ குடித்தோம். மண் குவளையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "இன்று காலை அந்தக் கல்லூரிக்கு எழுதிப் போட்டுவிட்டேன், வேண்டாம் என்று" என்றீர்கள். "சின்ன வேலை. ஆனால் மறுக்கும்போது கை கொஞ்சம் தயங்கியது. இத்தனை வருஷத்தில் நான் ஒரு வேலையை மறுப்பது இதுதான் முதல் தரம், ஃப்ராவ் கொலேகின்." சந்தோஷமாகச் சொன்னீர்கள். என் வாயில் டீ இருந்தது. தந்தி ஆபீஸ் பத்து நிமிஷ நடை. அப்போதே சொல்லியிருந்தால் கடிதம் போய்ச் சேர்வதற்கு முன்னால் உங்கள் தந்தி போயிருக்கும். நான் டீயை விழுங்கினேன்.

பதினோராம் நாள், பத்திரிகை கேட்ட திருத்தங்களைச் செய்து புதுப் பிரதி அடித்துக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தீர்கள். தலைப்புக்குக் கீழே உங்கள் பெயர். அதற்குக் கீழே என் பெயர், சுத்தமாக, ஓர் எழுத்துப் பிழையில்லாமல். "அளந்தது நீதானே" என்றீர்கள். அதைப் பார்த்ததும் அழுதுவிட்டேன். சந்தோஷத்தில் அழுகிறேன் என்று நினைத்து என் தோளைத் தட்டினீர்கள். அப்புறம்தான் சொன்னேன். சொல்லி முடித்ததும் நீங்கள் கேட்டது ஒரே கேள்வி.

"எப்போது கண்டாய்?"

"நேத்துத்தான், டாக்டர்."

அந்த ஒரு சொல்லைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். மற்றதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். நேற்றில்லை. பதினொரு நாள்.

நீங்கள் கத்தவில்லை. ஆறு தகட்டையும் எடுத்து நீங்களே ஒவ்வொன்றாக அளந்தீர்கள், சாயங்காலம்வரை. பிறகு, "ஏன் குப்புறப் போட்டாய்?" என்றீர்கள். "வேர்வை விழுந்துடும்னு." "அவற்றைக் காப்பாற்றத்தான்" என்று உங்களுக்கே சொல்லிக்கொள்வது போலச் சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு தந்தி ஆபீஸுக்குப் போனீர்கள். கட்டுரையை வாபஸ் வாங்கினீர்கள். காரணம் 'என் தவறு' என்று எழுதியிருந்தீர்கள். 'எங்கள்' என்றுகூட இல்லை.

வானாய்வுக்கூடத்து வேலை இன்னொருவருக்குப் போனது. அந்தக் கல்லூரிக்கும் அன்றே ஒரு தந்தி கொடுத்திருந்தீர்கள். பதில் வந்த அன்று கடிதத்தை என்னிடமே காட்டினீர்கள். உங்கள் தந்திக்கு முந்தின நாளே மறுப்பு கிடைத்து வேறொரு பெண்ணை நியமித்துவிட்டோம், வருந்துகிறோம் என்று இருந்தது. "தாமதமாகிவிட்டது, என்ன செய்வது" என்றீர்கள். யாருடைய தாமதம் என்று எனக்கு மட்டும் தெரியும். அன்றாவது சொல்லியிருக்கலாம். சொல்ல ஒரு நாள் தவறினால் அதற்குமேல் ஒவ்வொரு நாளும் கனம் கூடிக்கொண்டே போகிறது. எட்டாம் நாள் தூக்க முடியாதது ஒரு மாதம் கழித்து நகரக்கூட இல்லை.

மூன்று வருஷம் முடிந்து ஊருக்குப் போனீர்கள். லென்ஸ் செய்யும் ஒரு தொழிற்சாலையில் பரிசோதகர் வேலை. 'இங்கேயும் சிலுவைக் கோடுதான்' என்று எழுதினீர்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய தகடுகளை வைத்து நம் நட்சத்திரத்தைப் பற்றி இரண்டரைப் பக்கம் எழுதி வெளியிட்டீர்கள்: காந்தம் உண்டு, மாறவில்லை, அவ்வளவே. அதிலும் என் பெயரைப் போட்டிருந்தீர்கள். அதை யாரும் படித்ததாகத் தெரியவில்லை.

போவதற்கு முன்னால் டைரக்டருக்கு என்னைப் பற்றி ஒரு கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனீர்களே, அதுதான் எனக்கு நிரந்தர வேலை வாங்கித் தந்தது. நேர்முகத்தில் அதை உரக்கப் படித்தார்கள். 'தவறைக் கண்ட மறுநாளே வந்து சொன்னவர். இவருடைய அளவுகளை நான் சோதிக்காமல் நம்புவேன்.' நான் தலையைக் குனிந்துகொண்டேன். அடக்கம் என்று நினைத்தார்கள். இன்றுவரை நான் அந்த நிலையத்தில்தான் இருக்கிறேன்.

வருஷத்துக்கு ஒரு கடிதம் எழுதிக்கொண்டோம். ஒவ்வொரு தரமும் இதை எழுத உட்கார்ந்து, மழையைப் பற்றியும் விலைவாசியைப் பற்றியும் எழுதி முடித்தேன்.

இன்று ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் உங்கள் தங்கைக்கு எழுத உட்கார்ந்தேன். அவர் கடிதத்தில் ஒரு வரி: 'மறுநாளே வந்து உண்மையைச் சொன்ன கல்கத்தாத் தோழியைப் பற்றி அக்கா அடிக்கடி சொல்வாள்.' உங்கள் வீடுவரை வந்து உட்கார்ந்திருக்கிறது என் பொய். 'ஆமாம், மறுநாள்தான்' என்று எழுதிவிடலாமா என்று கை போனது. இந்த வயசிலும் போனது. எழுதியும் விட்டேன். அதைக் கிழித்துப் போட்டு, வேறு தாளெடுத்து, திங்கட்கிழமையிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு நாளாகப் பதினொன்றையும் எழுதினேன். கல்லூரிக்கு நீங்கள் மறுத்தெழுதியதையும், நான் டீயை விழுங்கியதையும் எழுதினேன். ஸ்டேஷன் பக்கத்துத் தபால்பெட்டியில் போட்டுவிட்டுத்தான் உங்களுக்கு இதை எழுதுகிறேன்.

தைரியசாலி என்று நினைத்துவிடாதீர்கள், டாக்டர். நீங்கள் இனிமேல் திரும்பி ஜன்னல் பக்கம் போய் நிற்க முடியாது. அது தெரிந்த பிறகுதான் எனக்கு எழுத வந்தது.